குளியலறை திருத்தம்: கொந்தராத்தா, நாட்கூலியா, நம் கையா?

முதல் தடவையாகக் குளியலறையைத் திருத்தப் போகிறவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பொருளும் கூலியும் சேர்த்து முழுவதையும் கொந்தராத்தாகக் கொடுக்கலாம். பொருளை நாமே வாங்கி, மேசனையும் கையாளையும் நாட்கூலிக்கு வைக்கலாம். இல்லாவிட்டால் உளியும் சுத்தியலுமாக நாமே இறங்கலாம். மட்டக்களப்புக் கல்லடியில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் பழைய குளியலறையை நான் மூன்றாவது வழியில் தொடங்கினேன். சில வேலைகளுக்கு மட்டும் ஆட்களைக் கூப்பிட்டு முடித்தேன். அதற்குப் பிறகு, இந்த மூன்றில் எது நல்லது என்று மொத்தமாகக் கேட்பதிலேயே எனக்கு உடன்பாடு இல்லை. வேலையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டியது கைப்பழக்கமா, பொறுமையா என்று பார்க்க வேண்டும். கைப்பழக்கம் வேண்டியதை மேசனிடம் கொடுங்கள். காத்திருக்க வேண்டியதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளியது. நாட்கூலிக்கு வருபவருக்குக் காத்திருக்கும் நாள் சம்பளம் இல்லாத நாள். கொந்தராத்துக்காரருக்கு அது அடுத்த வீட்டு வேலை தள்ளிப்போகும் நாள். பூச்சு காய்வதற்கும், கசிகிறதா என்று தண்ணீர் கட்டிவைத்துப் பார்ப்பதற்கும், பைப் மூட்டு இறுகுவதற்கும் வேண்டிய நேரத்தை அவர்களால் மனமுவந்து தர முடியாது. வீட்டுக்காரரிடம் அந்த நேரம் இருக்கிறது. குளியலறையில் பின்னாளில் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு, காத்திருக்காமல் டைல்ஸுக்கு அடியில் மூடிவைத்த வேலைகளிலிருந்துதான் வருகிறது.

முழுக் கொந்தராத்து யாருக்குப் பொருந்தும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப, வயதான தாய் தகப்பன் மட்டும் இருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். அங்கே தினமும் பொருள் தேடி ஓட ஆளில்லை, கொந்தராத்துதான் வழி. ஆனால் தாளில் எழுதாமல் கொடுக்காதீர்கள். எந்த நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, எத்தனை தடவை பூச வேண்டும், தண்ணீர் கட்டிவைத்துக் காட்ட வேண்டுமா, தண்ணீர் வரும் பைப் இலங்கைத் தரமான எஸ்எல்எஸ் 147 முத்திரை உள்ளதா, இவையெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கடைசிப் பங்கைக் குளியலறை சிலகாலம் பாவனையில் இருந்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நேர்மையான வேலைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

நாட்கூலி முறைதான் இங்கே அதிகம் நடப்பது. கண் முன்னால் வேலை நடக்கும் என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் பைப்பை வளைத்து இணைக்கும் ஓர் எல்போ குறைந்தால் அரைநாள் போகும், கூலி மட்டும் ஓடும். அதனால் பொருள் கணக்கை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். ஐந்து அடிக்கு ஏழு அடி அறையை எடுத்துக்கொள்வோம். தரை 35 சதுர அடி. சுற்றளவு 24 அடி, ஏழடி உயரத்துக்கு டைல்ஸ் என்றால் 168. கதவுக்குப் பதினேழரையைக் கழித்தால் சுவர் ஏறக்குறைய 150 சதுர அடி. ஒரு அடிக்கு இரண்டு அடி டைல் என்றால் சுவருக்கு 75. வெட்டும்போது உடைவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 83 வாங்க வேண்டும். டைல் ஒட்டும் பசை 25 கிலோ மூட்டை ஒன்று, நான்கு மில்லிமீற்றர் கனத்தில் சுமார் 45 சதுர அடி போகும். சுவர் மேடுபள்ளமாக இருந்தால் அவ்வளவு போகாது. டைல்ஸ் முழுவதையும் ஒரே தடவையில், பெட்டியில் ஒரே தொகுதி எண் பார்த்து வாங்குங்கள். அடுத்த தொகுதியில் அதே வடிவம் கிடைத்தாலும் நிறம் கொஞ்சம் விலகி நிற்கும்.

பழைய டைல்ஸை உடைப்பதா, அதன் மேலேயே புதிதை ஒட்டுவதா? உடைக்காவிட்டால் தூசி இல்லை, கழிவு இல்லை, சில நாட்கள் மிச்சம். மேலே ஒட்டுவதற்கென்றே செய்யப்பட்ட பசைகளும் கிடைக்கின்றன. அந்த வழி கெட்டது என்று நான் சொல்லவில்லை. பழைய டைல்ஸைத் தட்டிப் பார்க்கும்போது எங்கும் வெறுமையான ஓசை வராமல், கீழே கசிவும் இல்லாமல் இருந்தால் சுவருக்கு அது போதும். தரைக்குத்தான் யோசிக்க வேண்டும். டைலும் பசையும் சேர்ந்து தரை அரை இஞ்சிக்கு மேல் உயரும். கதவடியில் இருக்கும் படி குறையும், தண்ணீர் வீட்டுக்குள் வர அதுவே போதும். தண்ணீர் போகும் வாயையும் உயர்த்த வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் உடைப்பதைத் தவிர வழி இருக்கவில்லை. கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் பூச்சுச் சாந்தில் உப்பு மணல் கலந்திருக்கிறது. டைலைக் கழற்றியதும் பின்னால் இருக்கும் பூச்சு விரலால் சுரண்டினாலே உதிரும். அந்தச் சுவரில் எவ்வளவு விலையான பசையைப் போட்டாலும் டைல் பூச்சோடு சேர்ந்து கழன்று வரும். பூச்சை முழுவதும் கொத்தி எடுத்து, ஆற்று மணலும் சீமெந்தும் கலந்து புதிதாகப் பூச வேண்டும். கொத்தி எடுப்பது தாராளமாக நாமே செய்யக்கூடிய வேலை. கூலியில் நல்ல மிச்சமும் அதில்தான். பூசுவது அப்படியல்ல. தூக்குக்குண்டுக்குச் சரியாக நிற்கும் பூச்சு வருடக்கணக்கான பழக்கத்தில் வருவது. அதை மேசனிடம் கொடுங்கள். பூச்சு நேராக இருந்தால், பிறகு நீங்கள் ஒட்டும் டைல்ஸ் தானாக நேராக வரும்.

உடைக்கும்போது இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். நான்கு இஞ்சி சீமெந்துக் கல் சுவரில் பைப்புக்காகக் காடி வெட்டினால் மறுபக்கம் பெயர்ந்து வரும். பெரிய சுத்தியலை விட்டுவிட்டு, கிரைண்டரால் இரண்டு கோடு போட்டு நடுவை மெதுவாக எடுங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருந்தால் அதில் உலர்ந்த நிலையில் துளையிடவோ வெட்டவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெரும் கேடு. டைல் வெட்டும் தூசியும் நல்லதில்லை. முகத்துக்குச் சீலை கட்டினால் போதாது, தூசி வடிக்கும் முகக்கவசம் வேண்டும். கண்ணாடியும் போடுங்கள்.

அடுத்தது தரைச் சரிவு. எங்கள் வீட்டுக்கு வந்த ஆரையம்பதி மேசன் அண்ணன் முதல் நாள் சொன்னது: “தம்பி, தண்ணி போற வழிய முதல்ல பாருங்க. வடிவப் பிறகு பாக்கலாம்.” அவர் தூக்கிப் பார்த்தது ரசமட்டத்தை, கடையில் நான் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது டைல் நிறங்களை. தரை, தண்ணீர் போகும் வாயை நோக்கி அடிக்கு எட்டில் ஒரு இஞ்சி முதல் கால் இஞ்சி வரை சரிய வேண்டும். ஏழடி நீளத்துக்குக் கால் இஞ்சி வீதம் என்றால் ஒன்றேமுக்கால் இஞ்சி. நான்கு பக்கமிருந்தும் ஒரு புள்ளிக்குச் சரிவு வர வேண்டும் என்பதால் இரண்டடிக்கு இரண்டடிப் பெரிய டைல் தரைக்கு ஒத்துவராது, அது வளையாது. ஒரு அடி டைலோ அதற்கும் சிறியதோ போட்டால்தான் சரிவு அமையும். இதில் நான் யாரோடும் சமரசம் பேச மாட்டேன்: தரைச் சரிவை முதன்முறைக்காரர் செய்யக் கூடாது. சுவரில் ஒரு டைல் கோணினால் கண் பழகிவிடும். தரையில் தேங்கும் தண்ணீர் வழுக்கும், பாசி பிடிக்கும், நுளம்புக்கும் இடம் கொடுக்கும்.

இனி நீர்க்கசிவுத் தடுப்பு. மேல்மாடிக் குளியலறைக்குத்தான் இது வேண்டும், கீழ்வீட்டுத் தரைக்கு எதற்கு, தண்ணீர் மணலுக்குள் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். பாதி சரி. தரையால் இறங்கும் தண்ணீர் மணலுக்குப் போகும்தான். சுவரில் ஊறும் தண்ணீர் சீமெந்துக் கல்லின் வழியே மேலேயும் பக்கத்திலும் ஏறும். குளியலறைக்கு அடுத்த அறைச் சுவரில் அடியிலிருந்து பெயின்ற் கொப்பளித்து, வெள்ளையாக உப்புப் பூத்து, தொட்டால் மாவாக உதிர்வதைக் காத்தான்குடி முதல் களுவாஞ்சிக்குடி வரை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். நம் மண்ணில் இருக்கும் உப்பும் அதற்குத் துணைபோகிறது. அதனால் கீழ்வீட்டிலும் தரைக்கும், எல்லாச் சுவருக்கும் குறைந்தது ஒரு அடி உயரத்துக்கும், ஷவர் இருக்கும் மூலையில் ஆறடிக்கும் பூசுங்கள்.

கடையில் மூன்று வகை காட்டுவார்கள். சாந்தோடு கலக்கும் திரவம்; அது சாந்தை இறுக்கமாக்கும், ஆனால் வெடிப்பு வந்தால் தடுக்காது. பெயின்ற் போல வரும் அக்ரிலிக் பூச்சு. தடவுவது இலகு, சில வகைகள் மொட்டைமாடிக்கு மட்டும் உரியவை, அதன் மேல் டைல் பசை பிடிக்குமா என்று டப்பாவில் வாசிக்க வேண்டும். மூன்றாவது, சீமெந்துத் தூளும் வெள்ளைத் திரவமும் தனித்தனியாக வந்து கலக்கப்படும் இரட்டைப் பூச்சு. முதன்முறைக்காரருக்கு நான் சொல்வது இந்த மூன்றாவதைத்தான். சற்று ஈரமான சீமெந்தில் நன்றாகப் பிடிக்கும், டைல் பசையும் அதன் மேல் நன்றாக ஒட்டும், தூரிகையால் பூசலாம். மூலைகளில் முதலில் சாந்தால் உருண்டையாக ஒரு விளிம்பு வைத்து, நைலோன் வலைப் பட்டி ஒட்டுங்கள். முதல் பூச்சு ஒரு திசையில், அது இறுகிய பிறகு இரண்டாவது குறுக்குத் திசையில். பைப் வெளிவரும் துளைகளைச் சுற்றி இன்னும் ஒரு தடவை. பொதியில் சொன்ன நாட்கள் காய விட்டபின், தண்ணீர் போகும் வாயை அடைத்து ஒரு இஞ்சிக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் மட்டம் போட்டு ஒரு முழு நாள் விடுங்கள். மட்டம் இறங்காவிட்டால் டைலுக்குப் போகலாம். இதில் எந்த இடத்திலும் பெரிய கைத்திறன் வேண்டியதில்லை, வாசிக்கவும் காத்திருக்கவும் தெரிந்தால் போதும். வீட்டுக்காரர் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இந்த ஒரு வேலையைத் தன் கையால் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பைப் வேலையும் ஓரளவு இதே வகைதான். பி.வி.சி. பைப்பை நேராக வெட்டி, பிசிறு எடுத்து, துடைத்து, கம் பூசி, அரை நிமிடம் அசையாமல் பிடிப்பது யாருக்கும் வரும். சுவரை மூடுவதற்கு முன் மூட்டுகளை ஒரு நாள் இறுக விட்டு, பைப்பில் தண்ணீர் ஏற்றி, எல்லா வாயையும் அடைத்து இன்னொரு நாள் பார்த்துவிடுங்கள். கொமட்டிலிருந்து போகும் நாலு இஞ்சி பைப் மட்டும் வேறு. அதன் சரிவும், பழைய குழியோடு சேரும் இடமும் பழகியவர் பார்க்க வேண்டியவை. கொமட் வாங்குவதற்கு முன், கழிவு தரை வழியே போகிறதா சுவர் வழியே போகிறதா என்றும், தரை வழி என்றால் சுவரிலிருந்து துளையின் நடு எத்தனை இஞ்சி என்றும் அளந்துகொண்டு போங்கள். இந்த ஓர் அளவு தெரியாமல் கடைக்குப் போகவே வேண்டாம்.

மாரியில் கொமட் மெதுவாக இறங்குகிறது என்பதற்காக மட்டும் குளியலறையை உடைக்க நினைப்பவர்கள் சற்று நில்லுங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் நம் மணல் நிலத்தில் கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வரும். உறிஞ்சு குழி நிரம்பி நிற்கும்போது எந்தப் புதிய கொமட்டும் வேகமாக இறங்காது. செலவு செய்ய வேண்டிய இடம் குழி. கிணற்றிலிருந்து குறைந்தது ஐம்பது அடி தள்ளி, வளவில் மேடான பக்கத்தில் அதை அமைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

குந்தும் கொமட்டா, உட்கார்ந்து இருக்கும் கொமட்டா என்பதில் வீட்டில் இருக்கும் மூத்தவரின் முழங்கால்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். உட்கார்ந்து இருக்கும் கொமட் வைத்தால், பக்கத்துச் சுவரில் பிடிகம்பிக்கு இடம் விட்டு, அந்த இடத்தில் சுவர் உறுதியாக இருக்கிறதா என்று பூசும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்தால் உள்திறப்புக் கதவை அவர்களே அடைத்துக்கொண்டு கிடப்பார்கள்.

சுவர் டைலைச் சீமெந்தால் ஒட்டுவதா பசையாலா என்பதில் மேசன்மார் பலர் சீமெந்தைத்தான் விரும்புவார்கள். கை பழகியது, விலையும் குறைவு. தண்ணீர் உறிஞ்சும் சாதாரண சுவர் டைலை நனைத்து ஒட்டினால் அது நன்றாகவே நிற்கும். தண்ணீர் உறிஞ்சாத போர்சலின் டைலுக்கு வெறும் சீமெந்து பிடிக்காது, பசை கட்டாயம். நாமே ஒட்டுவதென்றால் எந்த டைலானாலும் பசைதான்; நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் தரும். சோழகக் காலத்தில், வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில், பசையின் மேல் சீக்கிரம் ஆடை படியும். மூன்று நான்கு டைலுக்கு மட்டும் பல்கரண்டியால் இழுத்து, உடனே ஒட்டுங்கள். அடிவரிசையை விட்டுவிட்டு, அதற்கு மேல் ரசமட்டம் பார்த்து ஒரு பலகையை அறைந்து, இரண்டாவது வரிசையிலிருந்து ஏறுங்கள். தரை முடிந்தபின் அடிவரிசையை அளந்து வெட்டி வைக்கலாம். வெட்டுவதற்குக் கைக் கட்டர் நேர்வெட்டுக்குப் போதும், தூசியும் இல்லை. பைப் துளைக்கு மட்டும் கிரைண்டர்.

தரை டைல் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காமல், அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து விரலால் இழுத்துப் பாருங்கள். பெட்டியில் வழுக்காத் தரம் ஆர்10 அல்லது ஆர்11 என்று இருந்தால் நல்லது. டைல் இடுக்குகளை நிரப்பும் கிரவுட் சாம்பல் நிறமாக இருக்கட்டும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் பாவிக்கும் வீட்டில் வெள்ளை தாக்குப்பிடிக்கலாம். இரும்புக் கறை உள்ள கிணற்றுத் தண்ணீரில் வெள்ளைக் கிரவுட் விரைவில் பழுப்பாகும். அதை அசிட் ஊற்றிக் கழுவினால் கறையோடு கிரவுட்டும் கரையும்.

குழாய்களில், கடற்கரையில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே பளபளக்கும் குரோம் பூச்சு எல்லாவற்றிலும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே பித்தளையா, மலிவான நாக (சிங்க்) உலோகக் கலவையா என்பதைக் கையில் தூக்கிப் பார்த்தால் பாரம் சொல்லும். நாகக் கலவையில் உப்புக் காற்று சீக்கிரம் புள்ளி போடும். ஸ்டெயின்லெஸ் என்றால் 304 தரத்தை விட 316 தாங்கும். பாரமான பித்தளைக்குக் காசில்லை என்றால், பூச்சுப் பூசிய மலிவு உலோகத்தை விட நல்ல பிளாஸ்டிக் குழாயே மேல். ஆணி, திருகாணி எல்லாம் பித்தளையாகவோ ஸ்டெயின்லெஸாகவோ இருக்கட்டும்.

கடையில் அகலமான மழை ஷவரைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன் தண்ணீர்த் தாங்கியின் உயரத்தைக் கணக்கிடுங்கள். பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம். தாங்கி 15 அடியில், ஷவர் ஏழு அடியில் என்றால் நடுவே எட்டு அடி, கால் பாருக்கும் குறைவு. பெரிய ஷவரில் அது சொட்டும். சிறிய கைஷவர் வாங்கி, தாங்கியிலிருந்து முக்கால் இஞ்சி பைப்பையே கொண்டுவந்து கடைசியில் மட்டும் அரை இஞ்சியாக்கினால் நன்றாகக் குளிக்கலாம்.

உடனடிச் சுடுதண்ணீர்ப் பெட்டி வேண்டுமா? வெயில் காலத்தில் மத்தியானம் தாங்கித் தண்ணீரே சுடும். கைக்குழந்தையோ வயதானவரோ இருந்தால் மார்கழிக்கு உதவும். மூன்றரை கிலோவாட் பெட்டி 230 வோல்ட்டில் பதினைந்து அம்பியர் இழுக்கும். அதற்குத் தனி வயர், புவித்தொடுப்பு, 30 மில்லி அம்பியர் மின்கசிவிலேயே விழும் ட்ரிப் சுவிட்ச் எல்லாம் வேண்டும். இது பொறுமையாலும் முடியாது, ஆசையாலும் முடியாது. அனுமதிபெற்ற மின்சார வேலைக்காரரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. இப்போது பெட்டி வாங்காவிட்டாலும் வயர் போகும் குழாயைச் சுவருக்குள் வைத்துவிடுங்கள்.

எப்போது தொடங்குவது என்பதும் ஒரு தெரிவுதான். சித்திரைப் புத்தாண்டு முடிந்து ஆவணிக்குள் என்பது என் கணிப்பு. பூச்சு காயும், நிலத்தடி நீர் கீழே இருக்கும், குழி வேலையும் செய்யலாம். ஆனால் அதே காலத்தில்தான் வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கும், ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தமும், சிறுபோக அறுவடையும் வரும். மேசன்மாரும் கையாட்களும் அந்த நாட்களில் கிடைப்பது கடினம். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கமிருந்து வருபவர்களுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ இருக்கிறது. மேசன் வராத அந்த நாட்களில் உங்கள் பங்கு வேலைகளை வையுங்கள். பூச்சு காய்வதும் தண்ணீர் கட்டிப் பார்ப்பதும் அப்போது நடக்கும், யாருக்கும் கூலி நட்டமில்லை.

வீட்டில் ஒரேயொரு குளியலறைதான் என்றால் இந்தக் கணக்கு மாறும். நாமே செய்யும் வேலை கொந்தராத்தை விடப் பல மடங்கு இழுக்கும். அத்தனை நாளும் பக்கத்து வீட்டுக்கு வாளி தூக்க முடியாது, அதிலும் பெண்பிள்ளைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டில். கிணற்றடியில் தகரமும் பலகையும் வைத்துத் தற்காலிகக் குளியல் மறைப்பு ஒன்றை முதலில் கட்டுங்கள். கொமட்டைக் கடைசி நாள் வரை கழற்றாமல், சுவர் வேலைகளை முடித்துக்கொண்டு வாருங்கள். தரைக்கும் கொமட்டுக்கும் மட்டும் வீட்டாரை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். அப்படி அனுப்ப இடமில்லாவிட்டால், கொத்துவதையும் நீர்த்தடுப்புப் பூச்சையும் உங்கள் பங்காக எழுதி வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொந்தராத்துக்கே கொடுத்துவிடுங்கள்.